புடைவைக் கடையிலிருந்து அச்சகத்துக்கு

நான் தரம் ஒன்பதில் படித்தபோது தமிழ்மொழித் தினப் போட்டிக்கு ஒரு கட்டுரை எழுதினேன். வீட்டில் நடந்த ஒரு மகிழ்ச்சியான நிகழ்வைப் பற்றி எழுத வேண்டும். என் தாத்தாவின் கல்யாணத்தைப் பற்றி எழுதினேன். கையில் மருதோன்றி இட்டது, புதுச் சேலை உடுத்தியது, வீட்டை விட்டுப் போகும்போது தாத்தா உம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதது எல்லாவற்றையும் எழுதினேன். வேறொரு மாவட்டத்திலிருந்து வந்த நடுவர் அதைப் படித்துவிட்டு, இந்த முதிய வயதில் அவருக்கு எதற்குக் கல்யாணம், எதற்கு மருதோன்றி என்று கேட்டாராம். எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் மூத்த சகோதரியைத்தான் தாத்தா என்று அழைப்போம். அது அவருக்குத் தெரியவில்லை. வகுப்பில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டுத் தமிழை எழுத்தில் கொண்டுவரக் கூடாது என்று எனக்குள் ஒரு வெட்கம் ஒட்டிக்கொண்டது.

உயர்தர வகுப்புக்கு வந்த பிறகு, ஐரோப்பிய வரலாற்றில் அச்சுக்கலையின் வருகையைப் படிக்கும்போது வில்லியம் கக்ஸ்டனைச் சந்தித்தேன். இங்கிலாந்தில் முதன்முதலாக அச்சகம் நிறுவியவர் அவர். பாடப் புத்தகத்துக்கு அவர் ஒரு வரிதான். அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடிப் படித்தேன். அவரும் தன் பேச்சு மொழியை எண்ணி வெட்கப்பட்டவர் என்று அறிந்ததும் ஆச்சரியப்பட்டேன். அதனால்தான் அவருடைய கதையை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கக்ஸ்டன் பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இங்கிலாந்தின் தென்கிழக்கிலுள்ள கென்ற் மாகாணத்தில் வீல்ட் என்ற காட்டுப்புறத்தில் பிறந்தார். அவர் பிறந்த ஆண்டு எங்கும் பதியப்படவில்லை. அந்தப் பகுதி மக்களின் ஆங்கிலம் நகரத்தாரின் காதுக்குக் கரடுமுரடாக ஒலித்தது. பிற்காலத்தில் தன் முதல் நூலின் முன்னுரையில் அவர் இதை மறைக்காமல் எழுதினார். தான் அந்தக் காட்டுப்புறத்தில் ஆங்கிலம் கற்றவன் என்றும், தன் நடையில் செம்மை இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும் வாசகர்களைக் கேட்டுக்கொண்டார்.

1438ஆம் ஆண்டில் இலண்டனில் ரொபர்ட் லார்ஜ் என்ற செல்வந்தரிடம் தொழில் பழகச் சேர்க்கப்பட்டார். லார்ஜ் ஒரு பெரிய புடைவை வர்த்தகர். அடுத்த ஆண்டே இலண்டன் நகரபிதாவாகவும் தெரிவு செய்யப்பட்டார். 1441இல் அவர் இறந்தபோது தன் மரண சாசனத்தில் இளைஞன் கக்ஸ்டனுக்கும் ஒரு தொகைப் பணம் எழுதி வைத்திருந்தார். அதன் பின் கக்ஸ்டன் கடல் கடந்து, இன்றைய பெல்ஜியத்திலுள்ள புரூஜ் நகருக்குப் போனார். அக்காலத்தில் கம்பளித் துணி வியாபாரத்தின் பெருஞ்சந்தை அது. துணி வாங்கி விற்று முன்னேறிய கக்ஸ்டன், 1462 அளவில் அங்கிருந்த ஆங்கில வர்த்தகர்கள் அனைவருக்கும் தலைவரானார். வர்த்தகர்களுக்கிடையே வழக்கு வந்தால் தீர்த்து வைப்பதும், அரசர்களுக்கிடையே வியாபார உடன்படிக்கை பேசுவதும் அவருடைய வேலைகளாயின.

என் வாப்பாவும் புடைவைக் கடைதான் வைத்திருக்கிறார். இந்தப் பகுதியை நான் சொன்னபோது கணக்குப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி, புடைவை விற்றவருக்குப் புத்தகத்தில் என்ன வேலை என்று கேட்டார். சரியான கேள்விதான். கக்ஸ்டனின் வாழ்க்கை திரும்பிய இடமும் அதுதான்.

1469ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதலாம் திகதி, சும்மா இருக்கும் நேரத்தை வீணாக்கக் கூடாது என்று எண்ணி, துரோய் நகரத்தின் பழங்கதைகளைச் சொல்லும் ஒரு பிரெஞ்சு நூலை அவர் ஆங்கிலத்தில் பெயர்க்கத் தொடங்கினார். சில தாள்கட்டுகள் எழுதியதும் கை தளர்ந்தது. தன் பிரெஞ்சும் போதாது, ஆங்கிலமும் போதாது என்று தோன்றியது. எழுதியதைக் கட்டி ஒரு மூலையில் வைத்துவிட்டார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அது அப்படியே கிடந்தது.

அதை மூலையிலிருந்து எடுக்க வைத்தவர் ஒரு பெண். இங்கிலாந்து மன்னர் நான்காம் எட்வர்டின் சகோதரியான மார்கரட், பேர்கண்டிக் கோமகனை மணந்து அந்த நாட்டில் வாழ்ந்து வந்தார். கக்ஸ்டன் எழுதியதைக் காட்டச் சொல்லி வாங்கிப் பார்த்த அவர், ஆங்கிலத்திலிருந்த குறைகளைச் சுட்டிக்காட்டித் திருத்தச் சொன்னார். குறை இருக்கிறது, ஆகவே விட்டுவிடு என்று அவர் சொல்லவில்லை. குறையைத் திருத்திக்கொண்டு முழுவதையும் முடிக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். அந்தக் கட்டளை கிடைத்திராவிட்டால் கக்ஸ்டன் ஒரு வியாபாரியாகவே வாழ்ந்து மறைந்திருக்கக் கூடும்.

1471 செப்டெம்பர் 19ஆம் திகதி ஜேர்மனியின் கொலோன் நகரத்தில் மொழிபெயர்ப்பு நிறைவடைந்தது. உடனே வேறொரு சிக்கல் வந்தது. பல பிரமுகர்களும் நண்பர்களும் ஆளுக்கொரு பிரதி கேட்டார்கள். எழுநூறு பக்கமளவிலான நூலைக் கையால் எத்தனை முறை எழுதுவது? பேனா தேய்ந்தது, கை நடுங்கியது, வெள்ளைத் தாளையே பார்த்துப் பார்த்துக் கண் மங்கியது, வயதும் ஏறிக்கொண்டே போகிறது என்று அவரே அந்த நூலின் இறுதியில் மனம் திறந்து எழுதியிருக்கிறார். ஆகவே பெருஞ்செலவு செய்து அச்சுத் தொழிலைக் கற்றுக்கொண்டார். அப்போது அவர் ஐம்பது வயதை அண்மித்தவர். அந்த வயதில் மை படிந்த கைகளோடு ஒரு புதுத் தொழிலின் மாணவரானார்.

அந்தத் தொழில் எப்படி நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஜேர்மனியின் மைன்ஸ் நகரத்தில் குட்டன்பேர்க் 1455 அளவில் தன் பைபிளை அச்சிட்டு முடித்திருந்தார். அவர் காட்டிய வழிதான் எங்கும் பரவியது. ஒவ்வோர் எழுத்தும் உலோகத்தில் தனித்தனியாக வார்க்கப்படும். எழுத்துக்கள் கண்ணாடியில் தெரிவதைப் போலத் திரும்பியிருக்கும். அச்சுக் கோப்பவர் அவற்றைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வரி வரியாக அடுக்கிப் பக்கமாக்குவார். தோலால் செய்த பந்துகளால் மை பூசி, ஈரத் தாளை வைத்து, மரத் திருகை இறுக்கி அழுத்துவார்கள். ஒரு பக்கம் கோப்பதற்குப் பல மணி நேரம் எடுக்கலாம். ஆனால் கோத்து முடித்துவிட்டால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான தாள்களை எடுக்கலாம். கையெழுத்துக்காரர் ஒருவர் மாதக்கணக்கில் எழுதி ஒரு நூலை முடித்துக்கொண்டிருந்த காலம் அது.

1473இன் இறுதியிலோ 1474இன் தொடக்கத்திலோ துரோய்க் கதைகள் அச்சாகி வெளிவந்தன. ஆங்கில மொழியில் அச்சேறிய முதல் நூல் அதுதான். அது இங்கிலாந்துக்கு வெளியே, அந்நிய நாட்டில் அச்சானது.

1476ஆம் ஆண்டில் கக்ஸ்டன் தாயகம் திரும்பி, வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தின் வளவில் ஓர் இடத்தை வாடகைக்கு எடுத்தார். இலண்டன் நகரத்துக்குள் போகாமல் அங்கே கடை போட்டதில் வியாபாரியின் கணக்கு இருந்தது. அரசவை கூடுவதும் பாராளுமன்றம் கூடுவதும் வழக்கறிஞர்கள் நடமாடுவதும் அந்தப் பக்கத்தில்தான். எழுத்தறிவும் பணமும் உள்ளவர்கள் தினமும் அந்த வழியால் போவார்கள். அச்சகமும் புத்தகக் கடையும் ஒன்றுதான். சிவப்புப் பட்டை தீட்டிய பலகை ஒன்று கடையின் அடையாளம். 1477இல் அவர் ஒரு சிறிய விளம்பரத் துண்டும் அச்சிட்டார். மதகுருமார்களுக்குத் தேவையான ஒரு கைநூல், அச்சுப் பிழையின்றி மலிவாகக் கிடைக்கும், இந்த அடையாளமுள்ள கடைக்கு வாருங்கள் என்பது அதன் சாரம். அடியில் இந்த அறிவித்தலைத் தயவுசெய்து கிழிக்க வேண்டாம் என்று இலத்தீனில் ஒரு வேண்டுகோள். ஆங்கிலத்தில் அச்சான முதல் விளம்பரம் அதுவே. அதன் இரண்டு பிரதிகள் இன்றும் இங்கிலாந்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவருடைய வேண்டுகோளை இரண்டு பேராவது கேட்டிருக்கிறார்கள் என்று நினைத்து நான் சிரித்துக்கொண்டேன்.

இனி நான் சொல்லப்போவதைப் படித்த அன்றிரவு எனக்கு நெடுநேரம் தூக்கம் வரவில்லை. இங்கிலாந்து மண்ணில் அச்சான நூல்களில், அச்சிட்ட திகதியோடு வெளிவந்த முதல் நூல், 1477 நவம்பர் 18ஆம் திகதியைத் தாங்கிய ஞானிகளின் பொன்மொழிகள் என்ற தொகுப்பு. மன்னரின் மைத்துனரான அந்தனி வூட்வில் என்ற ரிவர்ஸ் பிரபு அதைப் பிரெஞ்சிலிருந்து பெயர்த்தார். 1473இல் கப்பலில் ஸ்பெயினுக்குப் போகும் வழியில், உடன் வந்த ஒருவர் அவருக்கு அந்தப் புத்தகத்தை வாசிக்கக் கொடுத்திருந்தார். பிரெஞ்சுக்கு அது இலத்தீனிலிருந்தும், இலத்தீனுக்கு ஸ்பானிய மொழியிலிருந்தும் வந்தது. ஸ்பானியத்துக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? அரபு மொழியிலிருந்து.

டமஸ்கஸைச் சேர்ந்தவரும் எகிப்தில் வாழ்ந்தவருமான அபுல் வஃபா முபஷ்ஷிர் இப்னு ஃபாத்திக் என்ற அறிஞர், ஹிஜ்ரி 440ஆம் ஆண்டளவில், அதாவது கி.பி. 1048-49இல், முக்தார் அல்ஹிகம் என்ற நூலைத் தொகுத்தார். கிரேக்க ஞானிகளான சோக்கிரட்டீஸ், பிளேட்டோ, அரிஸ்டோட்டில் போன்றோரின் வாழ்வும் வாக்கும் அதில் உள்ளன. நம் திருக்குர்ஆனின் 31ஆவது அத்தியாயத்துக்குப் பெயராயமைந்த லுக்மான் அவர்களும் அதில் இடம்பெறுகிறார். நான்கு மொழிகளைக் கடந்து கக்ஸ்டனின் அச்சகத்துக்கு வரும்போது அவருடைய பெயர் லொக்மொன் என்று மாறியிருந்தது. ஆனாலும் அவர் அங்கே வந்து சேர்ந்துவிட்டார். கெய்ரோவில் ஒருவர் அரபியில் எழுதியது, நானூறு ஆண்டுகளுக்குப் பின் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சேறியிருக்கிறது.

இப்னு ஃபாத்திக் பற்றி, மருத்துவர்களின் வரலாறு எழுதிய இப்னு அபீ உஸைபிஆ ஒரு செய்தி கூறுகிறார். இரவும் பகலும் புத்தகங்களோடேயே இருந்ததால் அவருடைய மனைவிக்கு அந்தப் புத்தகங்கள் மீது தீராத கோபம். அவர் இறந்ததும் அழுதுகொண்டே நூல்களை எடுத்து வீட்டு முற்றத்துத் தடாகத்தில் வீசினாராம். காப்பாற்றப்பட்ட பிரதிகள் தண்ணீர் பட்டு நிறம் மாறியிருந்தனவாம். அந்தப் பெண்ணையும் என்னால் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் ஒரு நூலுக்கு ஒன்றிரண்டு பிரதிகளே இருந்தால் ஒரு தடாகமே அதை அழித்துவிடப் போதும். அச்சகம் என்ன செய்தது என்பது அப்போதுதான் எனக்கு உண்மையாக விளங்கியது.

இதே நூலில் கக்ஸ்டனின் நகைச்சுவையையும் காணலாம். பிரபுவின் மொழிபெயர்ப்பை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, சோக்கிரட்டீஸ் பெண்களைக் குறைத்துப் பேசிய பகுதி மட்டும் விடுபட்டிருந்ததைக் கண்டுபிடித்தார். யாரோ ஒரு சீமாட்டி கேட்டுக்கொண்டதால் பிரபு விட்டிருப்பாரோ, அல்லது காற்றடித்து ஏடு புரண்டுவிட்டதோ என்று கேலியாக ஐயப்பட்டார். சோக்கிரட்டீஸ் கிரேக்கர், அந்த நாட்டுப் பெண்கள் எப்படியோ தெரியாது, எங்கள் நாட்டுப் பெண்கள் நல்லவர்கள், அறிவுள்ளவர்கள் என்று ஒரு சமாதானமும் சொன்னார். பிறகு விடுபட்ட பகுதியை நூலின் கடைசியில் தனியாகச் சேர்த்து, பிடிக்காதவர்கள் அந்தத் தாளைக் கிழித்துவிடலாம் என்று எழுதினார். அவருடைய கேலி எல்லாம் எனக்குப் பிடித்ததென்று சொல்லமாட்டேன். ஆனால் மூலத்தில் இருப்பதை ஒளிக்கவும் கூடாது, வாசகரை வற்புறுத்தவும் கூடாது என்ற அவருடைய நேர்மை பிடித்தது.

ஒரு நூலுக்குப் பின்னால் இருந்த சிரமங்களையும் நாம் மறந்துவிடக் கூடாது. கக்ஸ்டனின் காலத்தில் இங்கிலாந்தில் காகித ஆலையே இல்லை. தாள் முழுவதும் கடல் கடந்து வந்தது. தாள் செய்யும் கலையைச் சமர்கந்திலிருந்தும் பக்தாதிலிருந்தும் ஸ்பெயின் வரை கொண்டுபோனவர்கள் முஸ்லிம்கள் என்பதையும் இங்கே நினைவுகூரலாம். தொழில் தெரிந்தவர்களும் வெளிநாட்டவர்களே. 1484இல் அந்நிய வியாபாரிகளைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் வந்தபோது, அச்சாளர்களுக்கும் புத்தக விற்பனையாளர்களுக்கும் மட்டும் அதிலிருந்து விலக்களிக்கப்பட்டது. புத்தகம் அந்த நாட்டுக்கு அவ்வளவு தேவைப்பட்டது. அரசியலும் கொந்தளித்துக்கொண்டிருந்தது. கக்ஸ்டனுக்குத் துணையாயிருந்த ரிவர்ஸ் பிரபு, 1483இல் அதிகாரப் போட்டியில் சிக்கி மரண தண்டனைக்குள்ளானார். ஆதரித்தவர்கள் வீழ்ந்தபோதும் கக்ஸ்டனின் அச்சகம் ஓயவில்லை. அடுத்த ஆண்டில் ஈசோப்புக் கதைகளும், ஒரு பிரெஞ்சு வீரர் தன் பெண்மக்களுக்கு அறிவுரையாக எழுதிய நூலும் வெளிவந்தன. பின்னதை, பெண்பிள்ளைகளைப் பெற்ற ஒரு சீமாட்டி கேட்டுக்கொண்டதற்கிணங்கவே அவர் மொழிபெயர்த்தார். 1485இல் ஆர்தர் மன்னனின் கதைகளை அச்சிட்டார்.

அவருடைய வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. சோசர் என்ற பெருங்கவிஞரின் கண்டர்பரிக் கதைகளை நாடு திரும்பிய சிறிது காலத்திலேயே கக்ஸ்டன் அச்சிட்டிருந்தார். ஆறு ஆண்டுகள் கழித்து ஒருவர் கடைக்கு வந்து, நீங்கள் அச்சிட்டது கவிஞர் எழுதியபடி இல்லை, பல இடங்களில் கூடியும் குறைந்தும் இருக்கிறது, என் தந்தையிடம் சரியான பிரதி இருக்கிறது என்றார். புத்தகமோ விற்றுப் போய்விட்டது. மறுத்துப் பேசியிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? கக்ஸ்டன் அந்தப் பிரதியைக் கேட்டு வாங்கி, 1483 அளவில் முழு நூலையும் மறுபடியும் அச்சுக் கோத்தார். இம்முறை படங்களும் சேர்த்தார். அறியாமல் கவிஞருக்குத் தவறிழைத்துவிட்டேன் என்று முன்னுரையில் ஒப்புக்கொண்டு, அந்த வாசகர் வந்த கதையையும் எழுதி வைத்தார். அவர் எழுதியிராவிட்டால் அந்தத் தவறு இன்று யாருக்கும் தெரிந்திருக்காது.

இப்போது முட்டைக் கதைக்கு வருகிறேன். 1490 அளவில் வெளியிட்ட ஒரு நூலின் முன்னுரையில் கக்ஸ்டன் இதைச் சொல்கிறார். சில வியாபாரிகள் தேம்ஸ் நதி வழியே கப்பலில் புறப்பட்டார்கள். காற்றில்லாமல் கென்ற் கரையோரத்தில் நிற்க வேண்டியதாயிற்று. ஒருவர் கரையிறங்கி ஒரு வீட்டுக்காரியிடம் முட்டை கேட்டார். அவருடைய வாயில் அது எக்ஸ் என்று வந்தது. அந்தப் பெண்ணோ, எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றாள். வியாபாரிக்குக் கோபம். அவருக்கும் பிரெஞ்சு தெரியாது. அவர் பேசியது ஆங்கிலம். பிறகு வேறொருவர் வந்து அய்ரன் வேண்டும் என்று கேட்டார். ஓ, அதுவா, இப்போது விளங்குகிறது என்றாள் அவள். இரண்டும் முட்டைக்குரிய ஆங்கிலச் சொற்களே. ஒன்று வடக்கில் வழங்கியது, மற்றது தெற்கில் வழங்கியது. இந்த நாளில் ஒருவன் எதை எழுதுவது, முட்டையை எந்தச் சொல்லால் எழுதினால் எல்லோருக்கும் விளங்கும் என்று கக்ஸ்டன் கவலையோடு கேட்கிறார்.

இதைப் படித்தபோது எனக்கு என் தாத்தாவின் கல்யாணம் நினைவுக்கு வந்தது. அந்த வீட்டுக்காரிக்கும் ஆங்கிலம் தெரியும், வியாபாரிக்கும் ஆங்கிலம் தெரியும். ஒருவருடைய மொழியை மற்றவர் அறிந்திருக்கவில்லை, அவ்வளவுதான். நடுவருக்கும் எனக்கும் நடந்தது அதுவேதான். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? கரடுமுரடான ஆங்கிலம் பேசும் காட்டுப்புறத்தில் பிறந்த மனிதர்தான், சொற்களுக்கிடையே நின்று யோசித்து, எல்லோருக்கும் விளங்கும் ஒரு நடையைத் தேடி, ஆங்கிலத்தை முதன்முதலில் அச்சில் ஏற்றினார். எழுத்து ஆங்கிலம் ஒரு சீருக்கு வருவதற்கு அவருடைய அச்சகம் பெருந்துணையாயிற்று.

சுமார் பதினைந்து ஆண்டுகளில் கக்ஸ்டன் நூற்றுக்கும் மேற்பட்ட வெளியீடுகளை அச்சிட்டார். இருபதுக்கும் மேற்பட்ட நூல்களைத் தாமே மொழிபெயர்த்தார். 1491 அளவில் காலமாகி, வெஸ்ட்மின்ஸ்டரின் சென் மார்கரட் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அந்த அடக்கத்தில் தீப்பந்தங்களுக்கும் மணிக்கும் கொடுத்த காசு தேவாலயக் கணக்கில் இன்றும் இருக்கிறது. துறவிகளின் வரலாறு கூறும் ஒரு பெரிய நூலைத் தன் வாழ்வின் கடைசி நாளில்தான் அவர் மொழிபெயர்த்து முடித்தார் என்று அவருடைய உதவியாளர் வின்கின் டி வேர்ட் பதிந்து வைத்திருக்கிறார். அந்த நூலை 1495இல் அச்சிட்டவரும் அவரே. பின்னர் அவர் அச்சகத்தை இலண்டன் ஃபிளீட் வீதிக்கு மாற்றினார். அந்த வீதியே பிற்காலத்தில் பத்திரிகைகளின் வீதியாகப் புகழ்பெற்றது.

இக்கட்டுரையை எழுதி முடித்து வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்ததா என்று கேட்டேன். துணி முழம் போடுகிறவனுக்கு அளவு பிசகக் கூடாது, அந்தப் பழக்கம்தான் பிழையைத் திருத்த வைத்திருக்கும் என்றார். எனக்கு அது சரியாகவே பட்டது.

இவ்வருடம் இம்மலரின் அச்சுப்படியைத் திருத்தும் பொறுப்பில் நானும் ஒருத்தியாக இருக்கிறேன். தோழிகளே, பெற்றோரே, இதில் பிழை கண்டால் கக்ஸ்டனின் கடைக்கு வந்த அந்த மனிதரைப் போல எங்களிடம் வந்து சொல்லுங்கள். அடுத்த மலரில் ஒப்புக்கொண்டு திருத்துவோம். ஆனால் முதல் பந்தியில் வரும் தாத்தாவைத் திருத்த வேண்டாம். அது பிழையல்ல. அது என் மூத்த சகோதரி.